உறைந்த தோளும் அதன் சஸ்திர சிகிச்சைகளும்

நம் கரங்கள் நாள்தோறும் செய்யும் தொழில்கள் எண்ணிறந்தன. தலை வாருதல், சட்டை அணிதல், பரணில் இருக்கும் பெட்டியை இறக்குதல், பேருந்தில் மேற்கம்பியைப் பற்றி நிற்றல் ஆகிய இவற்றைச் செய்யுங்கால் தோள் என்றோர் உறுப்பு உண்டென்பதையே நாம் நினைப்பதில்லை. அது தன் தொழிலைச் செய்ய மறுக்கும் நாளிலேதான் அதன் அருமை நமக்கு விளங்குகின்றது. அங்ஙனம் மறுக்கும் தோள்களுள் 'உறைந்த தோள்' எனப்படும் ஒருவகையைக் குறித்தும், அதற்குச் செய்யப்படும் சஸ்திர சிகிச்சைகளுள் எது மேலானது என்பதைக் குறித்தும் சில கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருளை நாம் எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் ஒன்று உண்டு. நம் நண்பர் ஒருவர் கல்லூரி ஆசிரியர்; 52 வயதினர்; பத்து ஆண்டுகளாக நீரிழிவு உடையவர். சில மாதங்களுக்கு முன்னர் அவர் கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டுமே எழுதலானார். பின்வரிசை மாணாக்கர் எழுந்து நின்று வாசிக்க நேர்ந்தது. அவர்தம் வலக்கை தோள்மட்டத்திற்கு மேல் எழவில்லை. இரவில் அப்பக்கம் புரண்டால் வலி துயிலைக் கெடுத்தது. அவர் இரண்டு வைத்தியர்களை அணுகினார். ஒருவர், "மயக்க மருந்து கொடுத்துக் கையை அசைத்து விடுவித்தால் போதும்" என்றார். மற்றவர், "அது பழைய முறை, கருவியை உள்ளே செலுத்தி இறுக்கத்தை அறுத்து விடுவதே சிறந்தது" என்றார். இருவரும் கற்றவர், இருவரும் அனுபவம் மிக்கவர், இருவரும் தத்தம் கருத்தில் உறுதியாய் நின்றனர். "இவருள் எவர் கூறுவது மெய்?" என்று நண்பர் நம்மை வினவினார். நாம் வைத்தியர் அல்லோம். ஆயினும், அச்சிடப்பட்ட ஆராய்ச்சிகளை வாசித்து அவற்றின் வலிவையும் மெலிவையும் நிறுத்துப் பார்க்கும் ஆற்றல் கல்வியுடையார் எவர்க்கும் உண்டாகல் வேண்டும் என்னும் எண்ணத்தால் அவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தோம்.

நோயின் இயல்பு

முதலாவது, தோள் மூட்டின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். இடுப்பு மூட்டிலே தொடையெலும்பின் தலையானது ஆழ்ந்த கிண்ணம் ஒன்றினுள் அமர்ந்திருக்கின்றது. தோளிலோ, புஜ எலும்பின் உருண்டைத் தலை, தோட்பட்டை எலும்பிலுள்ள ஆழமற்ற சிறு தட்டு ஒன்றைச் சார்ந்து நிற்கின்றது. இவ்வாழமின்மையே தோளுக்குப் பரந்த சலனத்தைத் தருகின்றது. எலும்பு தாராத பாதுகாப்பை, மூட்டைச் சூழ்ந்துள்ள மெல்லிய உறையும், அதனை வலுப்படுத்தும் கட்டுநார்களும், தசைகளும் தருகின்றன. இவ்வுறை தளர்ந்த பை போன்றது. கை தொங்கும்பொழுது அக்குட்பக்கத்தில் அது வேட்டியின் கொசுவம்போல மடிந்து கிடக்கும். கையை உயர்த்துங்கால் அம்மடிப்பு விரிந்து இடங்கொடுக்கும்.

உறைந்த தோள் என்னும் நோயிலே இவ்வுறை முதலில் அழற்சியுற்றுப் பின்னர்த் தடித்துச் சுருங்குகின்றது. கொசுவம் விரிய மறுக்கின்றது. சிறப்பாக, மூட்டின் முன்மேற்பக்கத்தில் உள்ள உறையும், ஆங்குள்ள ஒரு கட்டுநாரும் தடித்த வடுப்போல ஆகிவிடுகின்றன. ஆகவே கையை வெளிப்புறமாகத் திருப்புதல் முதலிற் குன்றுகின்றது. மூட்டினுள் ஊசியின் வழியே திரவத்தைச் செலுத்திப் பார்த்தால், நல்ல தோள் 15 மில்லிலிட்டருக்கு மேலும் ஏற்றுக்கொள்ளும். உறைந்த தோளோ பெரும்பாலும் 10 மில்லிலிட்டருக்கும் குறைவாகவே ஏற்கும்.

இந்நோய்க்குப் பெயரிட்ட வரலாறும் அறியத்தக்கது. 1872 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துச் சஸ்திர வைத்தியராகிய துப்லே என்பார் இதனை மூட்டைச் சூழ்ந்த திசுக்களின் அழற்சியாகக் கருதி வருணித்தார். 1934 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து எர்னஸ்ட் அமோரி காட்மன் என்பார், தோளைப் பற்றி எழுதிய பெருநூலில் 'உறைந்த தோள்' என்னும் பெயரை வழங்கினார். 1945 ஆம் ஆண்டில் ஜூலியஸ் நெவியாசர் என்பார், கெட்டிருப்பது மூட்டின் உறையே எனக் கண்டு, 'ஒட்டிக்கொள்ளும் உறையழற்சி' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். ஜப்பானியரோ இதனை 'ஐம்பது வயதின் தோள்' என்று வழங்குவர். இந்நோய் பெரிதும் 40 முதல் 60 வயதுக்கு உட்பட்டாரையே, அவருள்ளும் பெண்டிரையே மிகுதியாகப் பற்றுவதால் அப்பெயர் பொருத்தமுடையதே.

பொதுமக்களுள் 100 பேரில் 2 முதல் 5 பேருக்கு இந்நோய் வாழ்நாளில் வரக்கூடும் என்பர். நீரிழிவு உடையாருக்கோ இது மிகுதி. பல ஆராய்ச்சிகளை ஒன்று சேர்த்து நோக்கிய ஒரு கணக்கு 2016 இல் வெளியாயிற்று. அதன்படி, நீரிழிவுடையார் 100 பேருள் ஏறத்தாழ 13 பேருக்கு உறைந்த தோள் இருந்தது; அவர்க்கு இது வரும் வாய்ப்பு ஏனையோரினும் சுமார் ஐந்து மடங்காம். இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடையர் என 2023 இல் வெளியான தேசிய ஆராய்ச்சி ஒன்று மதிப்பிட்டிருத்தலின், இந்நோய் நம் இல்லங்களுக்கு அயலானது அன்று என்பது தெளிவு. தைராய்டுச் சுரப்பியின் கோளாறு உடையாரும், அடிபட்டோ சஸ்திர சிகிச்சை பெற்றோ கையை நெடுநாள் அசையாது வைத்திருந்தாரும் இதற்கு ஆளாவதுண்டு. பலருக்கு வெளிப்படையான காரணம் யாதும் இன்றியே இது தோன்றுகின்றது.

நோயின் போக்கை மூன்று நிலைகளாகப் பகுப்பர். முதல் நிலையில் வலி மிகும். சலனம் சிறிது சிறிதாகக் குன்றும். இரண்டாம் நிலையில் வலி தணியும். இறுக்கம் நிலைத்து நிற்கும். மூன்றாம் நிலையில் இறுக்கம் மெல்ல இளகும். இம்மூன்றும் கழிய ஓராண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை செல்லக்கூடும்.

தோளில் வலி உண்டாயின் அஃதெல்லாம் உறைந்த தோள் ஆகாது என்பதையும் ஈண்டு நினைவிற் கொள்க. தசைநார் கிழிந்தவர் தம் கையைத் தாமே உயர்த்த மாட்டார். ஆயின் பிறர் உயர்த்தினால் அது பெரும்பாலும் உயரும். உறைந்த தோளிலோ, பிறர் உயர்த்தினும் கை எழாது. மூட்டுத் தேய்வும், பின்புறமாக நழுவிய மூட்டும் இதனைப் போலவே தோன்றி மயக்குமாதலின் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தல் முறையாம். உறைந்த தோளில் அப்படம் பெரும்பாலும் குற்றமின்றியே காணப்படும்.

தானே தீருமா?

"இது தானே தீர்ந்துவிடும் நோய், பொறுத்திரு" என்று பலர் கூறக் கேட்டிருக்கின்றோம். இது பாதி உண்மையே. பெரும்பாலோர் காலப்போக்கில் மிகவும் தேறுகின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆயின் 1992 இல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி ஒன்று, சஸ்திர சிகிச்சை செய்யப்படாத 62 நோயாளரைச் சராசரியாக ஏழு ஆண்டுகள் கழித்துச் சோதித்தபொழுது, அவருள் பாதிப்பேருக்குச் சிறிய அளவிலேனும் வலியோ இறுக்கமோ எஞ்சியிருந்ததைக் கண்டது. அவருள் மிகப் பலர்க்கு அக்குறை அன்றாடத் தொழிலைத் தடுக்கவில்லை. ஆகவே, 'பெரும்பாலும் தேறும்; முற்றும் தேறும் என்னும் உறுதி இல்லை' என்று கொள்ளுதலே நேர்மையாம்.

இவ்வியல்பிலிருந்து மற்றொரு சிக்கல் பிறக்கின்றது. தானே பெரும்பாலும் தேறும் நோய்க்கு எம்மருந்து கொடுப்பினும் அது மருந்தாகவே தோன்றும். வலி உச்சத்தில் இருக்கும்பொழுதே நோயாளர் வைத்தியரை நாடுவர். அதன்பின் வலி குறைவது இயற்கை. அக்குறைவின் புகழைப் பக்கத்தில் நின்ற சிகிச்சை தட்டிக்கொண்டு போகும். தைலம் தடவியவர் தைலத்தையும், கையை அசைத்து விடுவித்தவர் தம் கைத்திறனையும், கருவியால் அறுத்தவர் கருவியையும் புகழ்வர். இவருள் பொய் கூறுபவர் எவரும் இலர். ஆயினும் மெய் வெளிப்படவில்லை. நம் நண்பர் கண்ட வைத்தியர் இருவரும் உறுதியோடு மாறுபட்டதன் மர்மம் இதுவே எனக் கருதுகின்றோம்.

சிகிச்சை முறைகள்

சஸ்திர சிகிச்சைக்கு முற்படச் செய்யத்தக்கன சில உள. வலியைத் தணிக்கும் மாத்திரைகளும், மூட்டினுள் இடப்படும் ஸ்டீராய்டு ஊசியும், பயிற்சியும் அவற்றுள் முதன்மையானவை. முதல் நிலையிலே ஊசி சில வாரங்களுக்கு நல்ல பயனைத் தருகின்றது. நீரிழிவுடையாருக்கு அவ்வூசி சில நாட்கள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை உயர்த்தக்கூடுமாதலின் அதனைக் கவனித்தல் வேண்டும். உப்புநீரை மூட்டினுள் அழுத்திச் செலுத்தி உறையை விரியச் செய்யும் முறை ஒன்றும் உண்டு. 1965 இல் ஆந்திரேன், லுண்ட்பெர்க் என்னும் இருவர் அதனை வெளியிட்டனர். அது ஊசியின் அளவிலேயே முடிவதால் சஸ்திர சிகிச்சை எனக் கொள்ளத் தக்கதன்று.

இவற்றால் குணம் காணாதார்க்குச் செய்யப்படும் சஸ்திர சிகிச்சைகள் மூன்று.

முதலாவது, மயக்கத்தில் கையை அசைத்து விடுவித்தல். இது மிகப் பழையது. துப்லேயே இதனைக் கையாண்டார். நோயாளருக்கு மயக்க மருந்து கொடுத்தபின், வைத்தியர் ஒரு கையால் தோட்பட்டை எலும்பை அசையாது பிடித்து, மறுகையால் புஜத்தைத் தோளுக்கு அணித்தாகப் பற்றி, நிதானமான விசையோடு உயர்த்தியும் திருப்பியும் செல்வார். சுருங்கிய உறை கிழிந்து கொடுப்பதை அவர் கையால் உணர்வார்; சிலவேளை அதன் ஓசையும் கேட்கும். சில நிமிஷங்களில் வேலை முடிந்துவிடும். தோலில் ஒரு கீறலும் இல்லை. பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புவர். ஆயின், வைத்தியர் உள்ளே நிகழ்வதைக் கண்ணாற் காண்பதில்லை. உறை கிழியவேண்டிய இடத்தில்தான் கிழியும் என்னும் உறுதியும் இல்லை. அரிதாகப் புஜ எலும்பு முறிதலும், மூட்டு நழுவுதலும், தசைநார் கிழிதலும், நரம்பு இழுபடுதலும் நேர்வதுண்டு. புஜத்தைத் தோளுக்கு அணித்தே பற்றுதல் எலும்பு முறியாமைக்காகவே. முழங்கைக்கு அருகே பற்றினால் நெம்புகோல்போல விசை பெருகிவிடும். எலும்பு மெலிந்த முதியோர்க்கு இம்முறையைக் கையாளுதற்கு வைத்தியர் பெரிதும் தயங்குவர்.

இரண்டாவது, ஆர்த்ரோஸ்கோப் என்னும் மூட்டுநோக்குக் கருவியின் துணையால் உறையை அறுத்தல். 1918 இல் டோக்கியோவில் கெஞ்சி தக்காகி என்பார், சிறுநீர்ப்பையை நோக்கும் கருவியை ஒரு பிணத்தின் முழங்கால் மூட்டினுள் செலுத்திப் பார்த்தார். அக்கருவி பல்லாண்டுகளாகச் செப்பம் பெற்றுத் தோளுக்கும் வந்தது. இச்சிகிச்சையில் தோளில் இரண்டு அல்லது மூன்று சிறு துளைகள் இடப்படும். ஒன்றின் வழியே கருவி சென்று உட்புறத்தைத் திரையிற் காட்டும். மற்றொன்றின் வழியே செல்லும் மின்முனை, தடித்த முன்மேற்பக்கத்து உறையையும் கட்டுநாரையும் அறுத்து விடுவிக்கும். அறுக்கவேண்டியதைக் கண்ணாற் கண்டு அறுப்பதே இதன் சிறப்பு. தசைநார்க் கிழிவு போன்ற வேறு குறையிருப்பின் அதுவும் புலப்படும். ஆயின் நேரம் மிகுதி, செலவு மிகுதி, தேர்ந்த கை வேண்டும். மூட்டின் அடிப்பக்கத்து உறையை ஒட்டினாற்போலத் தோளின் மேல்தசையை இயக்கும் நரம்பு ஒன்று ஓடுகின்றது. ஆங்கு அறுக்குங்கால் மிக்க விழிப்பு வேண்டும். துளையிட்ட மூட்டில் கிருமி புகுதலும், அரிதாயினும், நிகழக்கூடியதே.

மூன்றாவது, தோலையும் தசையையும் திறந்து நேராக உறையை விடுவித்தல். 1989 இல் ஜப்பானிய வைத்தியர் சிலர், வேறெவ்வகையாலும் தேறாத 17 நோயாளருக்கு இம்முறையால் அக்கட்டுநாரை அறுத்து விடுவித்து, நோயின் மூலம் பெரும்பாலும் ஆங்கேயே உள்ளது என்று காட்டினர். கருவிமுறை பரவியபின் இத்திறந்த முறை அரிதாயிற்று. முன்னர்ச் செய்த சஸ்திர சிகிச்சையால் வடு மிக்க தோள் போன்ற கடினமான இடங்களிலேயே இது இக்காலத்தில் நாடப்படுகின்றது.

இம்மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. எம்முறையால் விடுவிப்பினும், அன்றோ மறுநாளோ பயிற்சி தொடங்குதல் வேண்டும். விடுபட்ட உறை அசையாதிருப்பின் மீண்டும் வடுவாய் இறுகிவிடும். எனவே, சஸ்திர சிகிச்சையை நாடுபவர் பயிற்சியின் உழைப்பினின்று தப்பலாம் என்று எண்ணுதல் தவறாம்.

எது மேல்?

இனி, நண்பரின் வினாவுக்கு வருவோம். 1995 இல் கனடாவில் ஒகில்வி-ஹாரிஸ் என்பாரும் அவர்தம் தோழரும் 40 நோயாளரைக் கொண்டு அசைத்து விடுவித்தலையும் கருவியால் அறுத்தலையும் ஒப்பிட்டனர். கருவியால் அறுக்கப்பெற்றார் தோளின் செயலில் மேம்பட்டு விளங்கினர் என்பது அவர் கண்ட முடிவு. பன்னிரண்டு ஆண்டுகளின்பின், 2007 இல், பின்லாந்து நாட்டில் 125 நோயாளரை இரு கூறாக்கினர். இரு கூற்றாருக்கும் வீட்டிற் செய்யத்தக்க பயிற்சி கற்பிக்கப்பட்டது. ஒரு கூற்றாருக்கு மட்டும் மயக்கத்தில் கையை அசைத்தும் விடுவித்தனர். சலனத்தில் சிறிய வேற்றுமை அன்றி, வலியிலோ தொழில் செய்யும் ஆற்றலிலோ இருசாராருக்கும் குறிக்கத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே வாசிப்பவர் எதைத் துணிவர்? நோயாளர் தொகை சிறிது. ஒப்பிட்ட முறைகளும் வேறு வேறு.

இக்குறையை நீக்கும் பொருட்டு இங்கிலாந்து முதலிய பிரித்தானிய நாடுகளில் 35 ஆஸ்பத்திரிகளைச் சேர்த்து ஒரு பெரும் சோதனை நடத்தப்பட்டது. 'யூகே ஃப்ராஸ்ட்' என்பது அதன் பெயர். அமர் ரங்கன் என்னும் சஸ்திர வைத்தியப் பேராசிரியர் அதற்குத் தலைமை தாங்கினார். அதன் முடிவு 2020 ஆம் ஆண்டில் 'லான்ஸெட்' என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளியாயிற்று. 503 நோயாளர் அதில் சேர்க்கப்பட்டனர். யாருக்கு எச்சிகிச்சை என்பதை வைத்தியரும் தெரிந்தெடுக்கவில்லை; நோயாளரும் தெரிந்தெடுக்கவில்லை; திருவுளச்சீட்டுப்போலத் தற்செயலாகவே அது நிர்ணயிக்கப்பட்டது. நோய் முதிர்ந்தாரை ஒரு பக்கமும் இலேசாக உடையாரை மறுபக்கமும் சேர்த்துவிடும் பட்சபாதம் நேராமைப் பொருட்டே இவ்வேற்பாடு. 203 பேருக்குக் கருவியால் உறையை அறுத்தலும், 201 பேருக்கு மயக்கத்தில் அசைத்து விடுவித்தலும், 99 பேருக்கு ஸ்டீராய்டு ஊசியோடு கூடிய பயிற்சிச் சிகிச்சையும் விதிக்கப்பட்டன. பயிற்சி 12 முறைகள் வரை அளிக்கப்பட்டது. சஸ்திர சிகிச்சை பெற்ற இருசாராருக்கும் அதன்பின் பயிற்சி உண்டு. கருவியால் அறுத்தபின் எஞ்சிய இறுக்கத்தைக் கையால் அசைத்து விடுவித்தலும் அம்முறையின் ஒரு பகுதியாகவே கொள்ளப்பட்டது.

பயனை அளக்கும் கோல் யாது? பரீட்சைக்குப் பழகிய நம் மாணாக்கர்க்கு இது எளிதில் விளங்கும். ஆக்ஸ்ஃபோர்டு தோள் மதிப்பெண் என்பது 12 வினாக்கள் கொண்ட ஒரு வினாத்தாள். வினா ஒன்றுக்கு 4 ஆக மொத்தம் 48 மதிப்பெண்கள். உடை அணிய முடிகின்றதா, தலை வார முடிகின்றதா, இரவில் வலி உறக்கத்தைக் கெடுக்கின்றதா என்பன போன்றவை அவ்வினாக்கள். விடை எழுதுபவர் நோயாளரே. நோயற்ற தோளுக்கு 48. சோதனையில் சேர்ந்தபொழுது நோயாளர் பெற்ற சராசரி சுமார் 20.

ஓராண்டு கழிந்தபின் மீண்டும் கணக்கிட்டனர். கருவியால் அறுக்கப்பெற்றார் 40.3, அசைத்து விடுவிக்கப்பெற்றார் 38.3, ஊசியும் பயிற்சியும் பெற்றார் 37.2. மூன்று சாராரும் இருமடங்கு அளவுக்குத் தேறிவிட்டனர்! கருவிமுறைக்கும் அசைத்தலுக்கும் இடையே வேற்றுமை 2 மதிப்பெண்; கருவிமுறைக்கும் பயிற்சிக்கும் இடையே 3 மதிப்பெண்; அசைத்தலுக்கும் பயிற்சிக்கும் இடையே ஒன்றே. நோயாளர் உணரத்தக்க வேற்றுமை எனச் சோதனையாளர் முன்னரே குறித்து வைத்த அளவு, சஸ்திர சிகிச்சைகள் இரண்டிற்கும் இடையே 4 மதிப்பெண்; அவற்றிற்கும் பயிற்சிக்கும் இடையே 5 மதிப்பெண். காணப்பட்ட வேற்றுமை ஒன்றேனும் அவ்வளவை எட்டவில்லை. கணிதத்தில் வேற்றுமை உண்டு. சட்டையணியும் நோயாளர் கையிலே அது பெரிதாகத் தெரிவதன்று.

மதிப்பெண்ணோடு வேறு மூன்றையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். ஒன்று, மறுசிகிச்சை வேண்டினோர் தொகை. பயிற்சி பெற்றாருள் 100க்கு 15 பேரும், அசைத்து விடுவிக்கப்பெற்றாருள் 7 பேரும், கருவியால் அறுக்கப்பெற்றாருள் 4 பேரும் மேலும் சிகிச்சை நாடினர். இவ்வகையிற் கருவிமுறை முந்துகின்றது. இரண்டு, கடுமையான தீங்குகள். கருவிமுறையில் 8, அசைத்தலில் 2, பயிற்சியில் ஒன்றும் இல்லை. இவ்வகையிற் கருவிமுறை பிந்துகின்றது. மூன்று, பொருட்செலவு. பெற்ற நலத்தையும் ஆன செலவையும் ஒருங்கே வைத்துக் கணக்கிட்டபொழுது, அந்நாட்டு வைத்திய இலாகாவின் அளவுகோலின்படி அசைத்து விடுவித்தலே செலவுக்குத் தக்க பயன் தருவதாயிற்று. அன்றியும், பயிற்சி விரைவில் தொடங்கப்பட்டது. சஸ்திர சிகிச்சைக்கோ நோயாளர் வாரக்கணக்கிற் காத்திருக்க நேர்ந்தது.

இச்சோதனை சொல்லாத ஒன்றையும் நாம் சொல்லிவிடுதல் கடன். யாதொன்றும் செய்யாது பொறுத்திருந்தாரை இதில் சேர்க்கவில்லை. உப்புநீரால் விரித்தலையும் சேர்க்கவில்லை. தாம் பெற்றது எச்சிகிச்சை என்பது நோயாளருக்குத் தெரிந்தே இருந்தது. ஆகவே, சிகிச்சை பெற்றவர் இருமடங்கு தேறியதில் சிகிச்சையின் பங்கு இவ்வளவு, காலத்தின் பங்கு இவ்வளவு என்று இதைக்கொண்டு பிரித்துக் கூறுதல் இயலாது.

முடிவு

இங்கே காட்மன் என்பாரை மீண்டும் நினைவுகூர விரும்புகின்றோம். நோய்க்குப் பெயரிட்டது மட்டும் அவர் பெருமையன்று. சிகிச்சை பெற்ற ஒவ்வொரு நோயாளரையும் போதிய காலம் பின்தொடர்ந்து, சிகிச்சை பயன்பட்டதா, இல்லையேல் ஏன் பயன்படவில்லை என்று குறித்து வைத்தல் ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் கடமை என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவர் வற்புறுத்தினார். 1911 இல் தாமே ஒரு சிறிய ஆஸ்பத்திரியை நிறுவி, ஐந்து ஆண்டுகளில் வீடு திரும்பிய 337 நோயாளர் திறத்தில் நேர்ந்த 123 பிழைகளை எண்ணி, அவற்றை அச்சிட்டு உலகறிய வெளியிட்டார். 1915 இல் பாஸ்டன் வைத்தியர் கூட்டம் ஒன்றில், இவ்வாராய்ச்சியை விரும்பாதாரை எள்ளி நகையாடும் சித்திரம் ஒன்றைத் திறந்து காட்டியதனால் அவர் சக வைத்தியரின் வெறுப்புக்கு ஆளாகிப் பதவிகளையும் இழந்தார். அன்று அவர் கேட்ட கேள்வியை, அவர் பெயரிட்ட நோயிலேயே, நூறு ஆண்டுகளின்பின் 35 ஆஸ்பத்திரிகள் கூடிக் கேட்டு விடை கண்டன என்பது எண்ணத்தக்கது.

ஆகலின், நண்பருக்கு நாம் உரைத்த விடை இது: "நீர் கண்ட வைத்தியர் இருவரும் பொய் கூறவில்லை; இருவரும் தத்தம் முறையால் நோயாளர் தேறுவதைக் கண்டவரே. எது மேல் என்பதினும், எவர்க்கு, எப்பொழுது, எவ்வளவு இடருக்கு எது தக்கது என்பதே வினாவாதல் வேண்டும். தொடக்கத்தில் ஊசியும் பயிற்சியும் பெரும்பாலோர்க்குப் போதும். மாதங்கள் சென்றும் இளகாதாயின் அசைத்து விடுவித்தலை நாடலாம். எலும்பு மெலிந்தார்க்கும், வேறு குறை உள்ளே இருக்கும் என ஐயமுற்றார்க்கும், அசைத்தும் பயன் காணாதார்க்கும் கருவிமுறை தக்கதாகலாம். உமக்கு நீரிழிவு இருத்தலின் தேறுதல் சிறிது தாமதிக்கலாம். சர்க்கரையை அடக்குதல் உம் கையில் உள்ள முதற் சிகிச்சை. மூன்று கேள்விகளை வைத்தியரிடம் கேளும்: என் நோய் இப்பொழுது எந்நிலையில் உளது? இச்சிகிச்சையால் நேரக்கூடிய தீங்கு யாது? இப்பொழுது செய்யாது மூன்று மாதம் பொறுத்தால் நான் இழப்பது என்ன?"

அவர் அவ்வாறே கேட்டார். ஒரு வைத்தியர் புன்னகை செய்து, "பொறுத்தால் பெரிதாக ஒன்றும் இழக்கமாட்டீர்" என்றாராம். நண்பர் உணவைத் திருத்தி, ஊசி ஒன்று பெற்று, காலை மாலை தவறாது பயிற்சி செய்து வருகின்றார். சுவரில் விரல்களை ஊன்றி மேலே நடத்தும் பயிற்சிக்காக, அவர் இல்லத்துச் சுவரில் வாரந்தோறும் ஒரு கரிக்கோடு இழுக்கப்படுகின்றது. அக்கோடுகள் மெல்ல ஏறுகின்றன. ஒரு வாரம் ஏறாமலும் நிற்கின்றன. தோள் இன்னும் முற்றும் திருந்தவில்லை. சஸ்திர சிகிச்சை வேண்டியிருக்குமோ என்பது இனித்தான் தெரியும். ஆயினும் இப்பொழுது கரும்பலகையின் முக்காற்பங்கு வரை அவர் எழுதுகின்றார். பின்வரிசை மாணாக்கர் அமர்ந்தபடியே வாசிக்கின்றனர்.

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் வைத்தியக் கல்வி பயிலச் செல்வீர். பலர் நோயாளராகவோ நோயாளரின் மக்களாகவோ வைத்தியர் முன் அமர்வீர். நாற்காலியின் எப்பக்கத்தில் அமரினும், "நான் கண்டேன்" என்னும் சொல்லை மதியுங்கள், அதனோடு "எத்தனை பேருள், எவரோடு ஒப்பிட்டு, எவ்வளவு காலம் பின்தொடர்ந்து?" என்று கேட்கவும் பழகுங்கள். அங்ஙனம் கேட்டல் வைத்தியரை அவமதித்தல் ஆகாது; அவர்தம் தொழிலுக்குச் செய்யும் மரியாதையேயாம்.